கங்காணியின் இரண்டு காசு

மலாயாத் தோட்டங்களில் கங்காணியைப் போல நம்பப்பட்டவரும் இல்லை, அவரைப் போலச் சபிக்கப்பட்டவரும் இல்லை. ஊரில் வீடு வீடாகப் போய் ஆள் திரட்டியவர் அவர். கடல் கடந்து கூட்டி வந்தவர், தோட்டத்தில் கோயில் எழுப்ப முன்னின்றவர், கல்யாணப் பேச்சை முடித்து வைத்தவர், சண்டையைத் தீர்த்து வைத்தவர் எல்லாம் அவரே. இருட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கதவைத் தட்டிக் காய்ச்சல்காரரை வேலைக்கு விரட்டியவரும், கொடுத்த கடனுக்குச் சம்பளத்தில் கை வைத்தவரும் அவரேதான். தோட்டப்புற நினைவுகளில் இன்று இரண்டாவது முகமே மிஞ்சியிருக்கிறது. முதல் முகம் பொய் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். ஆனால் ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் போன்ற ஓர் இடத்தின் வரலாற்றைப் பொறுமையாகப் பார்த்தால், இரண்டு முகங்களும் உண்மை என்பதும் ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது என்பதும் தெரியும். மக்கள் வைத்த விருப்பமே கங்காணிக்கு அதிகாரத்தைத் தந்தது. அதிகாரத்தைச் செலுத்தச் செலுத்த அந்த விருப்பம் தேய்ந்தது. அதைத் தேய்த்ததில் அவருடைய குணத்துக்கும் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தார் என்பதற்கு உண்டு.

ரெங்கம் ரயிலும் ரப்பரும் சேர்ந்து வளர்த்த ஊர். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை காட்டை வெட்டிப் போட்ட ரயில் பாதை 1909இல் முடிந்தது. அதன் இரு பக்கமும் கம்பெனிகள் நிலம் எடுத்தன. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் என்று நிலையங்கள் வந்தன. நிலையத்தை ஒட்டிக் கடை வரிசை வந்தது. கடை வரிசைக்குப் பின்னால் மைல் கணக்கில் பால்மரம் நின்றது. லம்பாக், நியோர், சி.இ.பி., உலு ரெமிஸ் என்று இந்த வட்டாரத் தமிழர் இன்றும் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர்களே. இந்த மரங்களை வெட்ட ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ முகாமில் தங்கி, கப்பலேறி, தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காக அடைபட்டு, சிங்கப்பூர் வழியாக வந்தவர்கள் ஜொகூர் நீரிணையைப் படகில் கடந்தார்கள். 1923க்குப் பிறகு கடற்பாலம் வழியாகவே வந்தார்கள். அங்கிருந்து ரயில். இத்தனை தூரமும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே முகம் கங்காணியின் முகம். மொழி தெரியாத துறைமுகத்தில், பெயர் தெரியாத ஸ்டேஷனில், அந்த ஒரு முகத்தை நம்பித்தான் குடும்பம் குடும்பமாக இறங்கினார்கள்.

கங்காணி முறை தானாகப் பரவியதல்ல. அதற்கு முன்பு கரும்புத் தோட்டங்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளை வைத்து நடந்தன. அந்த ஒப்பந்தம் அடிமைத்தனத்துக்கு அருகில் நின்றது என்ற கண்டனம் வலுத்தது. 1910இல் புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. காகிதத்தில் கைநாட்டு வாங்கி ஆளைக் கட்டிப்போட முடியாது என்றானபோது, உறவைக் கொண்டு கட்டுவது எளிது என்று தோட்ட நிர்வாகம் கண்டுகொண்டது. ஏற்கெனவே தோட்டத்தில் வேலை செய்து, வெள்ளைக்கார மேலாளரான துரையின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவருக்கு உரிமச் சீட்டுக் கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். அவர் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் தெரிந்தவர்களை அழைத்து வந்தார். அப்படி வந்தவர்களுக்கு அவர் மாமா, சித்தப்பா, அல்லது குறைந்தது நம்ம ஊர்க்காரர். ஆக, துரை தேடிய தகுதி ஊரில் அவருக்கு இருந்த நற்பெயர். விரும்பப்படாத ஒருவர் கங்காணி ஆகியிருக்கவே முடியாது; ஆள் வந்திருக்காது.

இந்த விருப்பத்துக்கு ஓர் எல்லை இருந்ததை மறைக்கக் கூடாது. கங்காணிகள் பெரும்பாலும் நிலமுள்ள, நடுத்தரச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் அழைத்து வந்தவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பல தோட்டங்களில் லயமும் சாதி பார்த்தே பிரிந்தது. ஒரு சாராருக்குக் கங்காணி உறவினர். மற்றவர்களுக்கு அவர் ஊரிலிருந்த அதே மேல்தட்டு, கடல் தாண்டியும் கூடவே வந்தது. அவர்களுடைய நம்பிக்கையில் பயமும் வேறு வழியின்மையும் முதலிலிருந்தே கலந்திருந்தன. இருந்தாலும் அவர்களும் அவர் பின்னால் வந்தார்கள் என்பது உண்மை. ஊரில் பஞ்சம், பண்ணையார், கடன். இங்கே கூலி காசாகக் கையில் வரும் என்ற பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பிணை நின்றவர் கங்காணி.

தொடக்க காலத்தில் இந்த நம்பிக்கை வெறும் மனநிலையாக நின்றுவிடவில்லை. கங்காணியின் கையிலிருந்த பலமே அதுதான். கங்காணி வழியாக வந்த தொழிலாளி சட்டப்படி ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். பலர் அறிவிப்பே இல்லாமல் இரவோடு இரவாகப் போனார்கள். தோட்டங்கள் ஒன்றின் ஆளை மற்றொன்று இழுத்துக்கொள்ளும் போட்டியும் இருந்தது. அந்த நிலையில், தான் வெளியேறினால் தன் ஆட்களும் பின்னால் வருவார்கள் என்ற நிலையிலுள்ள கங்காணியிடம் துரை பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. லயத்துக் கூரை ஒழுகுகிறது, அரிசி சரியில்லை, இந்தக் கிராணி (தோட்டக் கணக்கர்) கை நீட்டுகிறார் என்று சொல்ல அந்தக் கங்காணிக்குத் துணிவு இருந்தது. ஆட்கள் அவரை எவ்வளவு விரும்பினார்களோ அவ்வளவு கனம் அவர் சொல்லுக்கு. அதிகாரமும் விருப்பமும் எப்போதும் ஒன்றையொன்று தின்றுதான் தீரும் என்பது சரியல்ல என்பதற்கு இந்தத் தொடக்க காலமே சாட்சி.

அப்படியானால் கெடுத்தது எது? இரண்டு காசு. கங்காணிக்கு ஆள் கொண்டு வந்ததற்கு ஒரு தொகை கிடைத்தது. அதற்கு மேல், தான் கொண்டு வந்தவர்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் தினமும் ஒரு சிறு தொகை உண்டு. பொதுவாக அது தலைக்கு 2 காசு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1928இல் முக்கிய வட்டாரங்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருபத்தைந்து பேர் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குக் கிடைக்கும் தலைக்காசு ஓர் ஆணின் முழு நாள் கூலிக்குச் சமம். விடியுமுன் நடக்கும் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் வாளி, இடுப்பில் உளி. கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. கிராணியின் கண் கங்காணி பக்கம் திரும்புகிறது. கங்காணி லயத்துக்கு ஓடுகிறார். உள்ளே குளிர்காய்ச்சலில் படுத்திருப்பவர் அவருடைய தங்கை மகனாக இருக்கலாம். அவனைப் படுக்க விட்டால் 2 காசு போகும். கிராணியிடம் ஏச்சு விழும். அடுத்த முறை ஊருக்குப் போக உரிமம் கிடைக்குமா என்பதும் சந்தேகம். எழுப்பினால் மாமன் என்ற உறவில் ஒரு கீறல். ஒரு நாள் எழுப்பினால் மறக்கப்படும். ஆண்டுக்கணக்கில் எழுப்பினால் மாமன் மறைந்து கங்காணி மட்டும் நிற்பார்.

நிரை பிரிப்பதிலும் இதே கதைதான். ஒருவர் ஒரு நாளில் வெட்ட வேண்டிய மரங்கள் ஒரு நிரை; முந்நூறு, நானூறு மரங்கள் வரும். எல்லா நிரையும் ஒன்றல்ல. சமதரையில், பால் கொட்டாய்க்குப் பக்கத்தில், நல்ல பட்டையுள்ள மரங்கள் சில நிரைகளில். மேட்டிலும் சதுப்பிலும், நடந்தே கால் ஓயும் தூரத்தில், கிழட்டு மரங்கள் வேறு சிலவற்றில். வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறையும் என்பதால் தூர நிரைக்காரர் தொடங்கும்போதே பின்தங்கிவிடுவார். யாருக்கு எந்த நிரை என்பதில் கங்காணியின் வார்த்தைக்கு எடை இருந்தது. வெட்டைச் சோதிப்பதும் அவர் வேலை. உளி பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். சற்று ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை கரடுமுரடாக வளரும், அடுத்த சுற்று வெட்டுக்கு உதவாது. ஆகவே காயம் குற்றம். ஒரே அளவு காயத்தை ஒருவரிடம் எச்சரித்து விடலாம், மற்றவரிடம் கூலியில் பிடிக்கச் சொல்லலாம். சலுகை பெற்றவருக்கு அது உறவின் உரிமை. பெறாதவருக்கு அது துரோகம். அதனால் தாராளமாக நடந்துகொண்ட கங்காணிகூட ஒருவருக்குக் காட்டிய அன்பாலேயே பத்துப் பேரின் மனத்தை இழந்தார். அன்பை அதிகாரத்தின் வழியாகப் பரிமாறத் தொடங்கினால் அது பங்கு போடும் பொருளாகிவிடுகிறது. பங்கு குறைந்தவர்கள் எப்போதும் கூடுதலாகவே இருப்பார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உண்மையான அதிகாரம் துரையிடமும் லண்டன் கம்பெனியிடமும் இருந்தது. நடுவில் நின்ற கங்காணியை ஏன் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டும்? இந்த மறுப்பில் பெரிய நியாயம் இருக்கிறது. என் வாதம் அதைத் துணையாகவே கொள்கிறது. கூலியைக் குறைக்கும் முடிவை எடுத்தவர் துரைகூட இல்லை. விலைச் சந்தையும் இயக்குநர் குழுவும். ஆனால் அந்த முடிவை லயத்து வாசலில் வந்து சொன்னவர் கங்காணி. பங்களாவில் இருந்த துரையைத் தொழிலாளி தூரத்தில் பார்த்தார். தீபாவளிக்கு அவர் ஏதாவது கொடுத்தால் நல்ல துரை என்ற பெயர் கிடைத்தது. அதிகாரத்தின் பலன் மேலே போயிற்று, பழி கீழே தங்கியது. அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமே இதுதான். ஊர் வைத்திருந்த விருப்பத்தை முதலாகப் போட்டவர் கங்காணி. அதைச் செலவழித்து லாபம் பார்த்தது கம்பெனி. இதனால் கங்காணி செய்த கொடுமைகள் நியாயமாகிவிடாது. பிரம்பு அவர் கையில்தான் இருந்தது. கடனுக்கு வட்டி வாங்கியவரும் அவர்தான். யார் பிரம்பைக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இன்னொரு மறுப்பு பழமையானது: ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒழுங்காக வேலை நடக்க வேண்டுமானால் பயம் வேண்டும், விருப்பத்தை நம்பித் தோட்டம் நடத்த முடியாது. இத்தாலியில் மாக்கியவெல்லி அரசர்களுக்குச் சொன்ன ஆலோசனையும் ஏறக்குறைய இதே. நம் திருக்குறளோ பிறர் அஞ்சும்படி நடப்பதைத் தனி அதிகாரம் வைத்தே கண்டித்து, அதை அடுத்துக் கண்ணோட்டத்தை, அதாவது இரக்கத்தை, வைத்தது. தோட்டத்துச் சான்றுகள் குறளின் பக்கமே நிற்கின்றன. பயத்தை மட்டும் நம்பிய கங்காணியின் ஆட்கள் வாய்ப்புக் கிடைத்ததும் ஓடினார்கள். அவர்கள் ஓட வழியில்லாதபடி செய்த பிறகுதான் பயம் பலித்தது. அந்த மாற்றம் படிப்படியாக நடந்தது. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிக்கு எல்லா முதலாளிகளும் பணம் கட்டினார்கள். ஆள் கொண்டுவரும் செலவு பொதுவானது. தனிப்பட்ட ஒரு கங்காணியைத் தோட்டம் நம்பியிருக்க வேண்டிய நிலை மெல்லக் குறைந்தது. லயத்திலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை வந்தது. அவர்களை யாரும் கப்பலில் கொண்டு வரவில்லை. கங்காணிக்கு அவர்கள் நன்றிக்கடன் பட்டிருக்கவும் இல்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது கூலி வெட்டப்பட்டது, பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உன்னைக் காப்பாற்றுவேன் என்று ஊரில் சொல்லி அழைத்து வந்தவரால் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கங்காணி வழி ஆள்சேர்ப்பை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தையே நிறுத்தியது. ஆள் கொண்டுவரும் பலம் போன பிறகு கங்காணிக்கு மிஞ்சியது துரை கொடுத்த கோல் மட்டுமே.

அந்தக் கோலின் மதிப்பு எவ்வளவு என்பது விரைவிலேயே தெரிந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தாரும் முன்னின்றார்கள். கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. அதோடு, துரையையோ தோட்டப் பணியாளரையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் அத்துமீறக் கூடாது, முரட்டுப் பணியாளர்களை மாற்ற வேண்டும் என்பவையும் இருந்தன. இந்தக் கோரிக்கைகளைத் துரையிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் முன்பு கங்காணி இருந்தார். இப்போது தொழிலாளர் அவரைத் தாண்டிப் பேசினார்கள். அரசாங்கம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, நெருக்கடி நிலையை அறிவித்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இறந்தார்கள். தோட்டத்தில் நடு ஆள் என்ற பாலம் இற்றுப்போனதால் பிரச்சினை நேராகத் துப்பாக்கிக்கே போனது.

ரெங்கத்துக்கு ஜப்பானியருடனான போர் 1942 ஜனவரியில் வந்தது. ரயில் பாதையை ஒட்டிப் பின்வாங்கிய 22வது இந்தியப் பிரிகேட் ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்துப் பால்மரக் காட்டில் துண்டிக்கப்பட்டது. 9வது இந்திய டிவிஷனின் தளபதி பார்ஸ்டோ லாயாங் லாயாங் அருகே 28ஆம் தேதி கொல்லப்பட்டார். துரைமார் போய்விட்டார்கள். கிராணியும் கங்காணியும் லயத்து மக்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டு ஜப்பானியர் உத்தரவு அனுப்பியபோது மலாயாத் தோட்டங்களில் யார் போவது என்று பெயர் குறித்தவர்கள் பெரும்பாலும் இந்த நடு ஆட்களே. 415 கிலோமீட்டர் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் மாண்ட தமிழர் பல்லாயிரம். மறுத்திருந்தால் பெயர் குறித்தவரின் உயிரே போயிருக்கலாம் என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனாலும் யார் பெயர் பட்டியலில் ஏறியது, யார் பெயர் ஏறவில்லை என்பதைத் திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் மறக்கவில்லை. மேலிடம் மாறியது, அதற்கு மட்டுமே பதில் சொல்லும் பழக்கம் மாறவில்லை. அதன் விலையை இந்த முறை உயிரால் கட்டினார்கள். போருக்குப் பிறகு வந்த அவசரகாலத்தில், 1948 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள், நடுவில் நின்ற இதே மனிதர்களை அரசாங்கம், கம்யூனிஸ்டுகள் என இரு பக்கமும் சந்தேகித்தன.

விருப்பத்தின் பக்கத்தைப் பிறகு எடுத்துக்கொண்டது தொழிற்சங்கம். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தோட்டத்துச் சங்கத் தலைவருக்கு நிரை பிரிக்கும் உரிமை இல்லை, தலைக்காசும் இல்லை. ஆட்கள் ஓட்டுப் போட்டதால் தலைவர், போடாவிட்டால் இல்லை. இலங்கையில் இந்த மாற்றம் ஒரே குடும்பத்தில் நடந்தது: மலையகத்தில் கங்காணியாக உயர்ந்து தோட்டமே வாங்கிய கருப்பையாவின் மகன் சௌமியமூர்த்தி தொண்டமான், தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகி அரசியலில் நின்றார். சங்கத் தலைவர்களும் நாளடைவில் மக்களின் பிரியத்தை இழக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இழந்தார்கள். நிர்வாகத்தோடு பேசிப் பேசி அதன் மொழியிலேயே பேசத் தொடங்கியவர்கள், பத்தாண்டுக் கணக்கில் ஒரே நாற்காலியில் இருந்தவர்கள் மீது கசப்பு வளர்ந்தது. ஆனால் அந்தக் கசப்பை வெளியில் காட்ட வழி இருந்தது. கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், எதிர்த்து நிற்கலாம், சந்தாவை நிறுத்தலாம். கங்காணியிடம் காட்டியிருந்தால் அடுத்த நாள் சதுப்பு நிரைதான். இந்த வேறுபாட்டைச் சிறியது என்று தள்ள முடியாது.

ரெங்கம் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்துத் தமிழர் பெரும்பாலும் பட்டணத்துக்குப் போனார்கள். வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டினர். ஆள் பிடித்துத் தருபவர்கள் இன்று ஏஜெண்டுகள். 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காட்டி எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகிய இரு மலேசிய நிறுவனங்களின் பாமாயிலைத் தடுத்து நிறுத்தியது. பின்னர் சைம் டார்பி மீதான தடை 2023இல் நீங்கியது. தொழிலாளர் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணமும் வேலையிட அச்சுறுத்தலும் 2020இன் அந்தத் தடையோடு உலகச் செய்தியாயின. நூறு ஆண்டுக்கு முந்தைய கங்காணி முறையைப் படித்தவர்களுக்கு அது புதுச் செய்தி அல்ல.

கங்காணியைப் பற்றி எழுதும்போது அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம், அசுரனாக்கவும் வேண்டாம். நல்லவரைத் தேடிப் பதவியில் அமர்த்தினால் போதும் என்ற நம்பிக்கைக்கு அவர் வாழ்க்கை எதிர்ச்சாட்சி. ஊரே நல்லவர் என்று சொன்னவர்களைத்தான் அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். அதிகாரம் இருந்தால் வெறுப்பு வந்தே தீரும் என்ற சலிப்புக்கும் அவர் எதிர்ச்சாட்சி. ஆட்கள் அவரை விட்டுப் போக முடிந்த காலத்தில் அவர் அவர்களுக்காகப் பேசினார். கோயில் கமிட்டியோ, சங்கமோ, கட்சிக் கிளையோ, பள்ளி வாரியமோ எதுவானாலும், தலைவர் எவ்வளவு அன்பானவர் என்று பார்ப்பதற்கு முன், அவரை இறக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அது கீழே இருப்பவர்களின் கையில் இல்லையென்றால், அந்த அன்பு நீடிக்காது.